நான் கோடு போட்ட குச்சிகள்

மலேசியாவில், ஈப்போவில் நான் கடைசியாக வேலை பார்த்த ரப்பர் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'ஊத்திப் பாரு பிலோமினா'. எந்த அளவுக் கருவி புதிதாக வந்தாலும் சரி, அது கண்ணாடியோ மின்சாரமோ, ஒரு லிட்டர் குவளையால் ஊற்றி ஊற்றிப் பார்க்காமல் அதற்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். முன்னாலேயும் சிரித்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு, கூடத்தில் இன்னும் இருக்கிற இரண்டு பெண்களை ஒரு கல்யாண விருந்தில் பார்த்தேன். புது மெஷின் வந்திருக்கிறதாம். அதில் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, அதான் மெஷினே நம்பர் குடுக்குதே. அப்புறம் எதுக்கு லா ஊத்திப் பாக்கணும்?" வாயில் கறியை வைத்துக்கொண்டு என்னால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுத்தார்கள். ஈப்போவில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தேன். மற்ற பாடங்களில் எப்படியோ, கணக்கில் நான் கெட்டிக்காரி. அதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். இயற்கணிதம் தொடங்கிய வருடம் 'ஒய் சமம் கே எக்ஸ்' என்று பலகையில் எழுதினார்கள். ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும். ஒன்று பாதியானால் மற்றதும் பாதி. ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யம். இடையில் நிற்கும் 'கே' மட்டும் அசையாது. நேர்மாறல் என்று அதற்குப் பெயர். படம் வரைந்தால் பூஜ்யத்திலிருந்து புறப்படும் ஒரு நேர்கோடு. எனக்கு அந்தக் கோட்டின்மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. பார்க்கிற எதிலும் 'கே'யைத் தேடினேன். அரிசிக்கும் ஆளுக்கும் ஒரு கே, சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்கும் ஒரு கே.

பத்தொன்பது வயதில், எழுபதுகளின் தொடக்கத்தில், சிம்பாங் பூலாய்க்குத் தெற்கே இருந்த எங்கள் தோட்டத்தின் ரப்பர் ஆலையில் அளவுக் கிராணியாக, பாலை அளந்து எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வெளிக்காட்டில் வெட்டுகிற பால், பால் கொட்டகையில் அளந்து எழுதப்பட்டு, லோரியில் ஏறி நடுப்பகலுக்கு ஆலைக்கு வரும். வடிகட்டித் தொட்டியில் விடுவார்கள். உடனே அளக்கக் கூடாது. நுரை அடங்கக் கால் மணி நேரம் விட வேண்டும். அப்புறம் பலகையால் நுரையை ஓரமாக ஒதுக்கி, இரும்பு அளவுகோலைச் செங்குத்தாக மூன்று இடத்தில் இறக்கி, மூன்றையும் எழுதி, சராசரி எடுக்க வேண்டும். தொட்டி மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், சுவர் நாலும் நெட்டுக்குத்து. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு முப்பது லிட்டர். பத்து சென்டிமீட்டர் என்றால் முந்நூறு, இருபது என்றால் அறுநூறு. பலகையில் பார்த்த 'கே' எனக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று கிடந்தது. என்னைவிட சந்தோஷமாக அந்த ஆலையில் யாரும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பெரிய கிராணி குஞ்ஞிராமன் சார், பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கூட்டுகிற பெண்ணிலிருந்து தோட்டத்து மேலாளரான துரை வரைக்கும் எல்லாரையும் 'நீங்க'தான். ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பென்சிலைத் திருப்பி, கூரில்லாத முனையால் ஒவ்வொரு எண்ணையும் தொட்டுக்கொண்டே போவார். தப்பு இருக்கிற இடத்தில் பென்சில் நின்றுவிடும். அவ்வளவுதான், பேச மாட்டார். நாமே பார்த்து, நாமே தலையில் அடித்துக்கொண்டு, நாமே திருத்த வேண்டும். திட்டு வாங்கியிருந்தாலே தேவலை என்று இருக்கும்.

நாடு கேலனை விட்டு லிட்டருக்கு மாறிய சமயம் அது. ஆலையில் எல்லாம் ஏற்கெனவே மாறிவிட்டது. கொட்டகையில் மட்டும் பழைய கேலன் குச்சிகள். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் வாளியில் குச்சியை இறக்கி, பால் எந்தக் கோடு வரை நனைத்திருக்கிறது என்று பார்த்து எழுதுவார்கள். லிட்டர் குச்சி செய்து தரும் வேலை என்னிடம் வந்தது. பழைய குச்சியை வாங்கிப் பார்த்தேன். எவனோ ஒரு தச்சன் எந்தக் காலத்திலோ போட்ட கோடுகள். கீழே அகல அகலமாக, மேலே போகப் போக நெருக்கமாக, ஒன்றுக்கொன்று சேரவில்லை. "கள்ளுக் கடைக்குப் போயிட்டு வந்து கோடு போட்டிருப்பாரு போல," என்று கொட்டகைக் கிராணியிடம் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ஒரு வாளியை எடுத்து, மேல் விளிம்புக் கோடு வரை தண்ணீர் நிரப்பினேன். பதினைந்து லிட்டர் பிடித்தது. ஆழம் முப்பது சென்டிமீட்டர். முப்பதைப் பதினைந்தால் வகுத்தால் இரண்டு. ஆகவே இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. பூஜ்யம் ஒரு புள்ளி, பதினைந்து ஒரு புள்ளி, நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதுமே! நல்ல மரத்தில் மூன்று குச்சிகள் இழைக்கச் சொல்லி, நானே உட்கார்ந்து கோடு கிழித்து, கறுப்பு மை தடவி, வார்னிஷ் அடித்தேன். குஞ்ஞிராமன் சார் பென்சில் முனையால் பதினைந்து கோடுகளையும் தொட்டுக்கொண்டே வந்தார். பென்சில் எங்கும் நிற்கவில்லை. "ரொம்ப அழகா இருக்கு, பிலோமினா," என்று பதிவேட்டில் ஒப்பமிட்டார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்து போனேன்.

அது நல்ல பால் காலம். வாளிகள் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்தே வந்தன. கொட்டகைக் கணக்குக்கும் என் தொட்டிக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும். நுரை, வடிகட்டியில் ஒட்டினது, வழியில் தளும்பினது என்று எழுதிவிடுவோம். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. அப்போது பால் குறைவது வழக்கம்தான். ஆனால் குறைந்த பாலிலும் குறை விழத் தொடங்கியது. கொட்டகைக் கணக்கைவிட ஆலைக்கு வந்தது முப்பது லிட்டர் குறைவு, அப்புறம் அறுபது. மார்ச்சில் ஒரு நாள் கொட்டகையில் அறுநூறு லிட்டர் என்று எழுதி வந்தது. என் அளவுகோல் இருபது சென்டிமீட்டர் காட்ட வேண்டும். பதினாறுதான் காட்டியது. நூற்றிருபது லிட்டர் பால் காணோம்.

கொட்டகைக்கும் ஆலைக்கும் நடுவில் இருந்தது நாலு மைல் ரோடும் ஒரு லோரியும்தான். லோரி ஓட்டியவர் மாணிக்கண்ணன். நாற்பத்தைந்து வயது, நீண்ட கை, நீண்ட நாக்கு. என்னைக் கண்டாலே, "என்னா கணக்கம்மா, தொட்டியில இன்னிக்கி மீன் புடிச்சியா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முச்சந்தியில் ஒரு சீனன் கடை. அங்கே தினமும் லோரியை நிறுத்திக் கோப்பி குடிப்பார். அந்தக் கடைக்காரர் ஒட்டுப்பால், அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர், வாங்கி விற்கிறவர் என்பது ஊருக்கே தெரியும். வேறென்ன வேண்டும்?

துரை ஒரு காவல்காரரை லோரியில் ஏற்றி அனுப்பினார். குறை அப்படியே இருந்தது. அப்படியானால் காவல்காரருக்கும் பங்கு என்றார்கள். லோரித் தொட்டியின் மூடிக்குக் கம்பி போட்டு ஈய முத்திரை வைத்தார்கள். குறை அப்படியே. அப்படியானால் கள்ள முத்திரை வைத்திருக்கிறார் என்றார்கள். மாணிக்கண்ணன் கடையில் நிறுத்துவதையே விட்டார். அப்போதும் குறை. "பயந்துட்டான் பாரு," என்றார்கள். வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை என்று முடிவானது. நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அவருக்கு மூன்று பெண்கள். மனைவி ருக்குமணி அக்கா எங்கள் தோட்டத்திலேயே மரம் வெட்டுகிறவர்.

விசாரணைக்குக் கணக்கைத் தயார் செய்து தரச் சொன்னது என்னை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ஒரு மனிதரின் வயிற்றில் அடிக்கப் போகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீன் பிடித்த கேலிக்குப் பதில் சொல்கிறோம் என்றுதான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கட்டத்தாளை விரித்தேன். கிடையாகக் கொட்டகைக் கணக்கு, மேலே ஆலைக் கணக்கு, ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. திருடனுக்கும் ஒரு 'கே' இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தினமும் ஒரு டின் எடுக்கிறவன் என்றால் வித்தியாசம் எல்லா நாளும் ஒரே அளவாக இருக்கும். பத்தில் ஒரு பங்கு எடுக்கிறவன் என்றால் பால் கூடக் கூட வித்தியாசமும் கூடும். எது என்று படத்தில் தெரிந்துவிடும். புள்ளிகளை வைத்து முடித்துவிட்டுப் பார்த்தேன். பால் நிறைய வந்த நாட்களில் குறையே இல்லாத மாதிரி இருந்தது. பால் வற்ற வற்றக் குறை பெரிதானது. தொட்டி வழிய வழியப் பால் இருக்கும்போது கை வைக்காதவன், அடியில் கிடக்கும்போதா நூறு லிட்டர் எடுப்பான்? இப்படித் திருடுகிறவனைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. விசாரணைக்கென்று எழுதிய தாளை யாரிடமும் கொடுக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

வியாழன் காலை பத்தரைக்குக் கொட்டகைக்குப் போனேன். வெட்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். தோளில் காண்டா கம்பு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாளி. அஞ்சலை அக்கா கொட்டகைக்குக் கீழே சரிவில் நின்று, ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குக் கொஞ்சம் பாலைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க? ஒரு வாளி நெறைய, ஒரு வாளி கொறைய இருந்தா என்ன?"

"நல்லா கேட்ட போ. ஒரு பக்கம் கனத்தா இடுப்பு போயிரும் லா. காண்டா தூக்கிப் பாத்தாத்தான் தெரியும் ஒனக்கு."

நாற்பது பேர், எண்பது வாளி. நல்ல காலத்தில் எல்லாம் நிறைய இருக்கும். இப்போது எல்லாம் பாதி, பாதி. அக்கா வைத்த வாளிக்குள் குனிந்து பார்த்தேன். நடக்கப் பழகிய வயதிலிருந்து நான் பார்த்த வாளி. வாய் அகலம், அடி குறுகல். நிமிர்ந்து என் குச்சியைத் தேடினேன்.

எல்லாரும் போகும்வரை காத்திருந்தேன். காலி வாளி ஒன்றை வைத்து, என் குச்சியை நிறுத்தி, லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றினேன். ஒரு லிட்டர் ஊற்றியதும் தண்ணீர் முதல் கோட்டைத் தாண்டி ஒன்றரையில் நின்றது. இரண்டு லிட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று. ஆறு லிட்டருக்கு ஏழரை. பத்துக்குப் பதினொன்றுக்கு மேல். பதினைந்துக்குத்தான் பதினைந்து. முதலும் முடிவும் சரி, நடுவில் அத்தனையும் பொய். கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்த கேலன் குச்சியை உருவினேன். பழைய கேலன் குவளை அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு கேலனுக்கும் தண்ணீர் அந்தத் தச்சனின் கோட்டில் போய் உட்கார்ந்தது. அவர் ஊற்றிப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார். நான் வகுத்துப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஒன்று கூடும்போது மற்றதும் கூடினால் அது நேர்மாறல் ஆகிவிடாது. என் தொட்டியின் சுவர் நெட்டுக்குத்தாக இருந்ததனால் அங்கே அது உண்மை. அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிந்த வாளிக்குள் வைத்தது என் கெட்டிக்காரத்தனம்.

ஒரு வாளிக்கு ஒன்றரை லிட்டர், எண்பது வாளிக்கு நூற்றிருபது. பைசா பிசகாமல் கணக்குச் சரியாக வந்தது. என் வாழ்க்கையில் சரியான விடை வந்து நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அங்கேயே உட்கார்ந்து இன்னொன்றையும் யோசித்தேன். அதையும் மறைக்கக் கூடாது. சத்தமில்லாமல் குச்சிகளை மாற்றிவிடலாம். குறை நின்றுபோகும். "மாணிக்கத்தப் புடிச்சதும் நின்னுருச்சு பாத்தியா," என்பார்கள். என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தவக்காலம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூட மனம் போனது. சாமியாரிடம் சொல்வது சுலபம், அவருக்கு மாணிக்கண்ணனைத் தெரியாது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கால் மரத்துப் போனதும் எழுந்து, வாளியையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு நேரே பெரிய கிராணியிடம் போனேன்.

குஞ்ஞிராமன் சார் மேசைக்குப் பக்கத்தில் வாளியை வைத்து ஊற்றிக் காட்டினேன். ஆறாவது லிட்டரில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான், சார்."

ரொம்ப நேரம் பதிவேட்டைப் புரட்டி, குச்சிகளை ஏற்றுக்கொண்ட பக்கத்தில் நின்றார். கூரில்லாத பென்சில் முனை அவருடைய சொந்தக் கையெழுத்தின்மேல் போய் நின்றது. "கோடு அழகா இருந்துச்சு. நானும் அழகைத்தான் பார்த்தேன்," என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு நீங்க ஊத்துங்க. நான் பேசுறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் துரை, தொழிற்சங்கத்து ஆள், மாணிக்கண்ணன். அவர் சலவை சட்டை போட்டுத் தலையை வாரிப் படிய வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாளியோடு நான் வந்தது யாருக்கும் புரியவில்லை. ஊற்றினேன். துரைக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானே ஒரு தடவை ஊற்றிப் பார்த்தார். காலணியெல்லாம் தண்ணீர்.

"தப்பு குச்சியில. செஞ்சது என் ஆபீஸ், ஒப்பம் என்னோடது," என்றார் குஞ்ஞிராமன் சார்.

"கோடு போட்டது நான்," என்றேன். குரல் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகம், அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.

விசாரணை அரை மணியில் முடிந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், சாருக்கு ஒன்று. அத்தனை வருட வேலையில் அவருக்கு வந்த முதல் கடிதம் அது. அதைப் பற்றி அவர் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே நான் லிட்டர் லிட்டராக ஊற்றிப் புதுக் குச்சிகள் செய்தேன். கீழே அகலமாக, மேலே நெருக்கமாக, தச்சனுடையது போலவே கோணலாக. வெட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக எழுதிய பாலுக்குக் கொடுத்த கூலியைத் திரும்பப் பிடிப்பதில்லை என்று துரை சொன்னார். அஞ்சலை அக்கா மட்டும், "நீ மொதல்ல செஞ்ச குச்சியே இருந்திருக்கலாம் லா. ரெண்டு மாசம் நல்ல பேரு வாங்கினோம்," என்று கண்ணடித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. ஆபீஸ் படியில் மாணிக்கண்ணனை நிறுத்தி, "அண்ணே, என்னை மன்னிச்சிருங்க," என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"துரை நம்பிட்டாரு. சந்தோசம்," என்றார். "வீட்டுல ஒருத்தி இருக்கா. அவ மரம் வெட்டுறவ, பாலப் பத்தி அவளுக்குத் தெரியும். பால் எங்க போச்சுன்னு அவளுக்குச் சொல்ல எனக்கு வக்கில்ல. நீ வந்து சொல்லு, கணக்கம்மா. அந்த வாளியோட வா."

அஞ்சரை மணிக்கு லயத்துக்குப் போனேன். அடுப்படிச் சிமெண்டுத் தரையில் வாளியை வைத்து, என் குச்சியை நிறுத்தினேன். மூன்று பெண்களும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ருக்குமணி அக்கா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் ஊற்றுவதையே பார்த்தார். ஆறு குவளைக்குத் தண்ணீர் ஏழரையில் நின்றதும், என் கையிலிருந்து குவளையை வாங்கி, வாளியைக் கவிழ்த்துவிட்டு, அவரே முதலிலிருந்து ஊற்றினார். ஆறு குவளை. ஏழரை. குனிந்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப, பால் எங்கியும் போகலையா?"

"போகலக்கா. அவ்வளவு பால் வரவே இல்ல. குச்சிதான் வந்துச்சுன்னு சொல்லிச்சு."

அக்கா கணவரை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஒங்களக் கேட்டேன்ல, நெசமா எடுக்கலையான்னு. மூணு தடவ கேட்டேன்."

"நாலு," என்றார் மாணிக்கண்ணன்.

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். மாணிக்கண்ணன் வந்து வாளியைத் தூக்கிப் போய் வாசலில் இருந்த கத்தரிச் செடிகளுக்கு ஊற்றினார். நிதானமாக, ஒவ்வொரு செடிக்கும். காலி வாளியோடு திரும்பி வந்து, "பசிக்குது. சோத்தப் போடு. இந்தப் புள்ளைக்கும் சேத்துப் போடு," என்றார். ஒரு மாதமாக அந்த வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் சோறு அது என்று, ருக்குமணி அக்கா எத்தனையோ நாள் கழித்து என்னிடம் சொன்னார்.